டிக் மாமாவும் ஐம்பத்தாறு புது விளக்குகளும்

மூன்றாம் கிடங்கின் வாசலை ஒட்டிய உட்சுவரில், தலைக்கவசம் மாட்டும் ஆணிகளுக்கு மேலே, ஒரு பலகை தொங்குகிறது. 'தவறின்றி லோடு அனுப்பிய நாட்கள்' என்று அதில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே நான்கு கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் துண்டு. துண்டுக்கு ஓர் எண். நான் அந்தக் கிடங்குக்குள் முதன்முதலில் நுழைந்த காலையில் பலகை 3,091 என்று காட்டியது.

எண்ணைத் தினமும் ஏழரை மணிக்கு மாற்றுபவர் என் தாய்மாமன். வயது ஐம்பத்து நான்கு. கிடங்கின் சரக்குச் சரிபார்ப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே மேசை, ஒரே நாற்காலி, வலக்காதின் மேல் ஒரே அளவுப் பென்சில். லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டியும் அவர் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும் பெட்டிக்குத் தாளில் ஒரு டிக் விழும். டிக் விழாத பெட்டி, கிடங்கு இடிந்து விழுந்தாலும், வாசலைத் தாண்டாது. அதனால் அங்கே அவருக்கு டிக் அண்ணன் என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ வீடுவரை வந்து, எங்களுக்கு அவர் டிக் மாமா ஆனார்.

கிடங்கின் விளக்குகளை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்று அளப்பது என் முதுகலை ஆய்வு. மாமா சொல்லித்தான் மேலாளர் அனுமதித்தார். பின்வருவன அனைத்தும் ஆய்வு நடந்த ஏழு வாரக் குறிப்பேடுகளிலிருந்தும், மாமாவும் அத்தையும் பிறகு சொன்னவற்றிலிருந்தும் எடுத்தவை.

பழைய விளக்குகள் ஐம்பத்தாறு. நானூறு வாட் சோடியம் விளக்குகள். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் அண்டாக்களைப் போலிருக்கும். சுவிட்சைப் போட்டால் முதலில் சாம்பல் நிறத்தில் முனகும். பிறகு ஆறு நிமிடம் யோசித்து மஞ்சளாகும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால்கூட விளக்கு சூடு ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். அதற்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கிடங்கு முழுவதும் தேநீர் குடித்தது. மின்தடைக்காக ஏங்கிய மனிதர்களை நான் அங்கேதான் கண்டேன்.

அந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் கீழே நிறம் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லை. சிவப்பும் பச்சையும் அரக்கும் ஒரே மாதிரியான பழுப்பு. நீலம் வெறும் இருட்டு. வடக்குக் கிளைக்குப் போகும் பெட்டி எது, தெற்குக் கிளைக்குப் போகும் பெட்டி எது என்று அடையாளம் வைக்க, பல ஆண்டுகளுக்கு முன்பே மாமா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெட்டியில் ஒட்டும் வெள்ளைச் சீட்டின் மூலையைக் கத்தரித்துவிடுவது. ஒரு மூலை வெட்டியிருந்தால் வடக்கு. இரண்டு மூலை வெட்டியிருந்தால் தெற்கு. பெட்டி கடக்கும்போது அவர் கண்ணால் பார்ப்பதுகூடக் குறைவு. கட்டைவிரலால் சீட்டைத் தடவுவார், டிக் போடுவார். மூவாயிரத்துத் தொண்ணூற்றொரு நாட்கள் அப்படித்தான் தவறின்றிப் போயின.

பலகை 3,098 காட்டிய திங்கட்கிழமை காலை, புதிய விளக்குகள் எரிந்தன. அதே ஐம்பத்தாறு, ஆனால் ஒவ்வொன்றும் நூற்றைம்பது வாட் எல்.இ.டி. மேலாளர் தம் கையாலேயே சுவிட்சைப் போட்டார். முனகலும் இல்லை, யோசனையும் இல்லை; போட்டதும் எரிந்தன. தரையில் சராசரியாக நாற்பத்தெட்டு லக்ஸ் இருந்த வெளிச்சம் இருநூற்றுப் பத்தைத் தொட்டது. நான் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்தேன். இருநூற்றுப் பதினொன்று.

பிறகு நடந்தவற்றைக் கருவியால் அளக்க இயலவில்லை. பழைய விளக்குகளின் சோக்குகள் இத்தனை ஆண்டுகளாக வண்டுக்கூட்டம் போல இரைந்துகொண்டிருந்தன என்பதே அவை நின்ற பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சுமை ஏற்றும் குழுவின் தலைவர், ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் பெற்றவர், வழக்கம்போல, "இன்னிக்கு எத்தனை லோடு?" என்று கேட்டார். அது பக்கத்துக் கிடங்குவரை கேட்டது.

"ஏன்ப்பா கத்துற?" என்றார் மாமா.

"நான் எங்க கத்துறேன்? எப்பவும் பேசுற மாதிரிதானே பேசுறேன்."

"அப்போ பன்னிரண்டு வருஷமா கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்க."

ரேடியோ அதற்கு மேல் பேசவில்லை. காரணம் வேறு. அவர் தலைமுடிக்குப் போட்டிருந்த சாயம் கறுப்பு இல்லை, ஒருவகைக் கத்தரிக்காய் நிறம் என்பதை அங்கிருந்த பதினொரு பேர் எல்லோர் முன்னும் போட்டு உடைத்தார்கள். உடைக்காதவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர்தான். ஓட்டுநருக்குப் பட்டப்பெயர் 'பைலட்'. வண்டியைத் தரையில் ஓட்டினாலும் கண்களை எப்போதும் மேலே வைத்திருப்பார். அன்று எல்லோரும் ரேடியோவின் தலையைப் பார்த்துச் சிரித்தபோது பைலட்டும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார். இதை அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறேன். ஏன் குறித்தேன் என்று அப்போது தெரியாது.

அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது: 'வாசல் பலகை எண்கள்: பல வண்ணம். அலங்காரம் போலும்.'

மூன்றாம் நாள் மாலை மேலாளர் எல்லோரையும் கூட்டினார். அவர் ஒழுங்கானவர், நல்லவர். தம் புது விளக்குகளைப் புதுமாப்பிள்ளையைப் போலப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல வெளிச்சம் வந்தாச்சு. இன்னும் சீட்டுல மூலையை வெட்டிக்கிட்டு, எலி கடிச்ச மாதிரி, பார்க்க நல்லாவா இருக்கு? நாளையிலருந்து வட்ட ஸ்டிக்கர். சிவப்புன்னா வடக்கு, பச்சைன்னா தெற்கு. சின்னப் புள்ளைகூட பார்த்துச் சொல்லிடும். மூலை வெட்டுறது இன்னியோட நிறுத்தம்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "டிக் அண்ணே, உங்க மேசைக்கு இனிமே வேலை சுலபம்," என்றார்.

"ரொம்பச் சுலபம் சார்," என்றார் மாமா.

என் மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறந்தது முதல் அப்படித்தான். பள்ளியில் இலைகளைச் சிவப்பாகத் தீட்டி அடி வாங்கிய பிறகு, அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்து, கட்டிய மனைவியிடம்கூட வாய் திறக்காமல் காப்பாற்றி வந்தார். மஞ்சள் விளக்கெரிந்த கிடங்கு அவருக்கு வாய்த்த சொர்க்கம். அங்கே யாருக்கும் நிறம் தெரியாது. எல்லோரும் அவரைப் போல. அவருக்கு மட்டும் அது பழக்கம். இப்போது கூரையிலிருந்து இருநூற்றுப் பத்து லக்ஸ் இறங்கி, அவரை மட்டும் தனியாக நிறுத்திவிட்டது. உண்மை தெரிந்தால் மேசை போகும். வாசல் கூண்டில் உட்கார்ந்து லாரி எண்களை எழுத வேண்டியதுதான். கூண்டில் உட்கார்ந்தால் கிடங்குக்கு முதுகைத்தான் காட்ட முடியும். அதை நினைத்தபோதே கழுத்து வலித்ததாக மாமா பிறகு என்னிடம் சொன்னார்.

அன்று மாலையே அவர் ஒரு வழி யோசித்து வைத்தார். மறுநாள் முதல் பெட்டி மேசைக்கு வந்ததும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ரேடியோவைப் பார்த்து நீட்டினார்.

"இது என்ன கலர், சொல்லு."

"எது, இதா? சிவப்பு."

"எங்க போகுது?"

"வடக்கு."

"சரி. இனிமே ஒவ்வொரு அடுக்குக்கும் நீ கலர் சொல்லணும், நான் டிக் போடுவேன். வாயால சொன்னாத்தான் மனசுல நிக்கும். புது முறை வந்தா பயிற்சி வேணும்ல."

ரேடியோவுக்கு இதைவிடப் பிடித்த பயிற்சி உலகத்தில் இல்லை. நிறத்தை மட்டுமா சொன்னார்? "வருது பாருங்க அண்ணே, பச்சை, நல்ல கிளிப்பச்சை, தெற்குக்குப் போற பச்சை, அதுக்குப் பின்னாடி ரெண்டு சிவப்பு, மூணாவது எங்க போச்சு, ஆ, இருக்கு" என்று பந்தய வர்ணனை போல நாள் முழுவதும் ஓடியது. டிக் அண்ணன் எவ்வளவு கறாராகப் பயிற்சி கொடுக்கிறார் என்று மேலாளர் மெச்சினார். பத்து வேலை நாட்கள் இப்படிப் போயின. பலகை 3,110 ஆனது.

அன்று மாலை ரேடியோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வாய் நிறையப் பஞ்சோடு வேலைக்கு வந்தார். கன்னம் ஒரு பக்கம் பந்து போல. மாமா பென்சிலை நீட்டினார்.

"கலர்?"

"ம்ம்."

"சிவப்பா, பச்சையா?"

"ம்ம்ம்."

"சரியாச் சொல்லுப்பா."

ரேடியோ கையால் வாயைக் காட்டினார்; பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். மாமா சுற்றிலும் பார்த்தார். குழுவில் மற்றவர்கள் லாரிக்குள் இருந்தார்கள். அடுக்கைக் கொண்டுவந்து இறக்கிய பைலட் மட்டும் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"பைலட், உனக்கும் பயிற்சி வேணும்ல. இந்த அடுக்கு என்ன கலர், சொல்லு பார்ப்போம்."

பைலட் ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்னண்ணே நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். கேள்வி உனக்கு."

"சிவப்பா இருக்குமோ?"

"இருக்குமோவா?"

மாமாவின் புருவம் உயர்ந்தது. அது, 'இவன் ஏன் இழுக்கிறான்' என்ற புருவம். பைலட் அதை வேறு விதமாகப் படித்தார்.

"இல்லல்ல. பச்சை. பச்சைதாண்ணே. சும்மா உங்களைச் சோதிச்சேன்."

"அதானே பார்த்தேன்," என்று மாமா நிம்மதியாக டிக் போட்டார்.

அன்று முழுவதும் இப்படியே நடந்தது. மாமா கேட்டார், பைலட் மாமாவின் முகத்தைப் பார்த்து ஒரு நிறத்தைச் சொன்னார், மாமா முகம் தெளிந்து டிக் போட்டார், அந்தத் தெளிவைக் கண்டு பைலட்டும் தெளிந்தார். எட்டு அடுக்குகள். இரண்டு பேருக்கும் திருப்தி.

புதன்கிழமை மாமா 3,112-ஐ மாட்டிய ஒரு மணி நேரத்தில் மேலாளரின் தொலைபேசி ஒலித்தது. தெற்குக் கிளை.

"அறுநூறு வாளிக் கைப்பிடி வந்திருக்கு. வாளி எங்க?"

மேலாளர் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தொலைபேசி. வடக்குக் கிளை.

"வாளி அறுநூறு வந்துடுச்சு. எதைப் பிடிச்சுத் தூக்குறது?"

மேலாளர் கத்தவில்லை. வாசலுக்கு வந்து, தாமே நான்கு தகரத் துண்டுகளையும் கழற்றி, ஒரு பூஜ்யத்தை மட்டும் மாட்டினார். மற்ற மூன்று கொக்கிகளும் காலி. "காரணம் தெரியிறவரைக்கும் இது பூஜ்யத்துலயே இருக்கட்டும்," என்றார். மாமா தகரத் துண்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு, அவற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை என்பது என் குறிப்பு.

மேலாளரின் விசாரணை அரை நாளில் முடிந்தது. விளக்கு தவறு செய்யாது. ஸ்டிக்கரும் தவறு செய்யாது. ஆகவே கண்தான் தவறு செய்திருக்கும். புது வெளிச்சம் வந்ததிலிருந்து மூன்று பேர் கண் கூசுகிறது என்று வேறு சொல்லியிருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: திங்கட்கிழமை அனைவருக்கும் கண் பரிசோதனை, தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறப் பார்வை, தேறாதவர் சரிபார்ப்பு மேசையில் அமர இயலாது.

அன்று மாலை மாமா என்னைத் தம் வீட்டு மாடிப்படிக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். ஐம்பத்து நான்கு ஆண்டு ரகசியத்தை ஐந்து வாக்கியங்களில் சொன்னார். பிறகு, "நிறப் பார்வைக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"ஒரு புத்தகம் காட்டுவாங்க மாமா. பக்கம் முழுக்கப் புள்ளி. புள்ளிக்குள்ள ஒரு எண் இருக்கும். தெரிஞ்சாச் சொல்லணும்."

"என்னென்ன எண்ணு?"

தவறு என்று தெரிந்தும், நான் அவற்றை வரிசைப்படி எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது, ஐம்பத்தேழு, ஐந்து, மூன்று, பதினைந்து. அட்டவணையாக, பக்க எண்ணோடு கொடுத்தேன். இந்த விஷயத்தில் என் பங்கு முழுமையாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்த நான்கு நாட்கள் மாமா குளிக்கும்போதும் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போதும் எண்களை முணுமுணுத்தார். சனிக்கிழமைக்குள் அத்தைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஞாயிறன்று, "பன்னிரண்டு, எட்டு, ஆறு..." என்று அவர் நின்றபோது, சமையலறையிலிருந்து, "இருபத்தொன்பது" என்று குரல் வந்தது.

"உனக்கு எதுக்கு இது?" என்றார் மாமா திடுக்கிட்டு.

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான். ஐம்பத்தேழை விட்டுடாதீங்க," என்றாள் அத்தை. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கிடையே ரேடியோவின் வீக்கம் வடிந்து பேச்சு திரும்பியிருந்ததால் லோடுகள் எல்லாம் சரியாகவே போயின. அதை யாரும் கவனிக்கவில்லை. பலகையில் பூஜ்யம்.

திங்கட்கிழமை தேநீர் அறையின் ஒரு மூலையில் துணித் திரை கட்டி, அதற்குப் பின்னால் கண் பரிசோதகர் உட்கார்ந்தார். இளம் பெண், வேகமானவர், நாற்பத்தொரு பேரைப் பகலுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற உறுதியோடு வந்திருந்தார். திரைக்கு வெளியே பெஞ்சில் வரிசை. மாமா உள்ளே போனார். அவருக்கு அடுத்தவராகப் பைலட், திரைக்கு ஒரு சாண் தள்ளி, உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ச்சுவரில் லக்ஸ் மீட்டரை வைத்துக்கொண்டு, தேவையே இல்லாமல், தேநீர் அறையை அளந்துகொண்டிருந்தேன்.

தூரப் பார்வை நன்று. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி தேவை. பிறகு புள்ளிப் புத்தகம்.

"இதுல என்ன எண் தெரியுது?"

"பன்னிரண்டு," என்றார் மாமா, கம்பீரமாக.

பக்கம் புரளும் சத்தம். "இதுல?"

"எட்டு."

"இதுல?"

"ஆறு. அடுத்தது இருபத்தொன்பது."

"அடுத்ததை நான் இன்னும் திருப்பலையே."

"திருப்புங்கம்மா, திருப்பும்போது சொல்றேன். இருபத்தொன்பது, ஐம்பத்தேழு, ஐந்து, மூன்று, பதினைந்து."

பேனா தாளில் கீறும் சத்தம். "சரிங்கய்யா. அடுத்தவரை வரச் சொல்லுங்க."

மாமா தேர்வில் முதலிடம் பெற்றவர் போல வெளியே வந்தார். பரிசோதகர் புத்தகத்தை நடுவில் திறந்து பின்னோக்கிப் புரட்டியிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. பைலட் உள்ளே போனார்.

"இதுல என்ன எண் தெரியுது?"

"பன்னிரண்டுங்க."

"இதுல?"

"எட்டு."

"இதுல?"

"ஆறு. அப்புறம் இருபத்தொன்பது, ஐம்பத்தேழு..."

"ஒரு நிமிஷம்," என்றார் பரிசோதகர். புத்தகத்தை மூடும் சத்தம் திரையைத் தாண்டிக் கேட்டது. "இப்போ புத்தகம் மூடியிருக்கு. இப்போ என்ன தெரியுது?"

பைலட் வரிசையை முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார். "ஐந்துங்களா?" என்றார்.

பிற்பகல் இருவரும் மேலாளரின் அறையில் நின்றார்கள். அறிக்கை மேசைமேல் இருந்தது. கதவு திறந்திருந்ததால் நானும் ரேடியோவும் வெளியே அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தோம், அதாவது நின்றுகொண்டிருந்தோம்.

"நாற்பத்தொரு பேர்ல ரெண்டு பேருக்குச் சிவப்பு, பச்சை தெரியல," என்றார் மேலாளர். "அந்தச் செவ்வாய்க்கிழமை கலர் பார்த்தது யாரு?"

"பைலட் சொன்னான் சார், நான் டிக் போட்டேன்," என்றார் மாமா.

"அவருக்குத்தான் தெரியாதே."

மாமா மெல்லத் திரும்பினார். "உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேண்ணே."

"தெரிஞ்சா நான் எதுக்குடா உன்கிட்ட கேட்கிறேன்?"

"பரீட்சை வைக்கிறீங்கன்னு நினைச்சேன். உங்க மூஞ்சியைப் பார்த்துத்தானே சொன்னேன்."

"என் மூஞ்சியில என்ன கலரா எழுதியிருக்கு?"

"இருந்தாலும் எனக்குத் தெரியாதேண்ணே."

ரேடியோ சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். மேலாளர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒன்பது வருஷமா ஒரே குடோன்ல இருக்கீங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாதா?" என்று கேட்டார். இருவரும் தலையை ஆட்டினார்கள். மஞ்சள் விளக்கின் கீழே அதைத் தெரிந்துகொள்ள வழியே இருக்கவில்லை.

"டிக் அண்ணே, தாள்ல போட்டதை நான் மாத்த முடியாது. தேறாதவர் மேசையில உட்கார முடியாது. நாளைக்கு நீங்க கேட் கூண்டுக்குப் போயிடுங்க. இன்னிக்கு மூணு மணி லோடை நானே பார்த்துக்கறேன்."

மாமா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேலாளரின் மேசைமேல் வைத்தார்.

மூன்று மணிக்கு மேலாளர் சரிபார்ப்பு மேசையில் அமர்ந்தார். நல்ல கண்கள்; இருநூற்றுப் பத்து லக்ஸ்; நூற்றெண்பது பெட்டிகள். மாமா சுவரோரம் கைகட்டி நின்றார். முதல் நாற்பது பெட்டிகள் ஓடிப் போயின. சிவப்பு, டிக். பச்சை, டிக். நாற்பத்தொன்றாவது பெட்டியில் மேலாளரின் கை நின்றது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு ஸ்டிக்கர் எங்க?"

"விழுந்துருக்கும் சார்," என்றார் ரேடியோ. "அட்டையில தூசி. ஒட்டு நிக்கறதில்ல. அப்பப்போ விழும். விழுந்ததை எடுத்து நாங்க நினைவு வச்சு ஒட்டிடுவோம்."

"நினைவு வச்சா?"

"நினைவு இருந்தா."

அப்படிப்பட்ட பெட்டிகள் பதினொன்று. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த குறியீட்டை ஒரு தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்தான். அதற்கு அடுக்கைப் பிரிக்க வேண்டும். மேலாளர் பிரித்தார். லாரி ஓட்டுநர் இருமுறை ஹாரன் அடித்தார். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது; நான் கணக்கிட்டேன். காணாமற்போன ஸ்டிக்கர்களைத் தேடியபோது ஐந்து ரேடியோவின் செருப்படியில் இருந்தன, மூன்று ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தில். ஒன்று, பச்சை, மேலாளரின் முழங்கையில். மிச்சம் இரண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

மேலாளர் முழங்கையிலிருந்ததைப் பிய்த்தெடுத்து வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் சுவரோரத்திலிருந்து மாமா பேசினார். மன்றாடுகிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்.

"ஒட்டினது விழும் சார். வெட்டின மூலை எங்க போய் விழும்?"

சோக்குகளின் இரைச்சல் இல்லாத கிடங்கில் அந்தக் கேள்வி எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.

"மூவாயிரத்து நூத்துச் சொச்சம் நாள்," என்றார் மேலாளர், தமக்குத்தாமே சொல்வது போல. "சிவப்பு, பச்சை தெரியாத ஒருத்தர்."

"மூலை தெரியும் சார்."

மேலாளர் எழுந்து தம் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் கத்தரிக்கோல். இரண்டையும் சரிபார்ப்பு மேசைமேல் வைத்தார். "ஸ்டிக்கர் நாலு பெட்டி வாங்கியாச்சு, அது தீர்ற வரைக்கும் அதுவும் இருக்கட்டும். ஆனா மூலை வெட்டாம ஒரு பெட்டியும் நகரக் கூடாது. அறிவிப்புல நானே திருத்தி எழுதிடறேன், மூலை பார்க்கத் தெரிஞ்சவர் மேசையில உட்காரலாம்னு." வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தவர் நின்று திரும்பினார். "ஒரே ஒரு நிபந்தனை. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இனி கலர் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டோம் சார்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்ததும் அத்தையைக் கூடத்தில் உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைச் சொன்னார். அத்தை துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்போலருந்து?"

"கல்யாணமான மூணாம் நாள். பச்சைச் சட்டைக்குச் சிவப்புப் பேன்ட் போட்டுக்கிட்டு, எப்படி இருக்குன்னு கேட்டீங்க. அன்னிலருந்து காலையில துணி எடுத்து வைக்கிறது யாரு?"

"அது மரியாதைன்னுல்ல நினைச்சேன்," என்றார் மாமா.

"மரியாதையைக் காப்பாத்தத்தான்," என்றாள் அத்தை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மாமா வாசல் பலகையிலிருந்து பூஜ்யத்தைக் கழற்றினார். தகரத் துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். துழாவி, பெயின்ட் தடிப்பைத் தடவிப் பார்த்து, '1'-ஐ எடுத்து மாட்டினார். மேலாளரும் தலைக்கவசத்தை எடுக்க அப்போதுதான் வந்தார். வெள்ளை வெளிச்சம் பலகைமேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. மாமா பையிலிருந்த மற்ற எண்களையும் தூசி தட்டி, பலகையின் விளிம்பில் வரிசையாக வைத்தார். '2' அரக்குச் சிவப்பு. '3' கரும்பச்சை. '4' பாதி சிவப்பு, பெயின்ட் தீர்ந்த இடத்திலிருந்து பச்சை. '7' என்ன நிறம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

நான் குறிப்பேட்டைத் திறந்து, பழைய பக்கத்தில் 'அலங்காரம் போலும்' என்ற சொற்களை அடித்தேன்.

"இந்த எண்ணெல்லாம் யாரு எழுதினது?" என்று கேட்டார் மேலாளர்.

"நான்தான் சார். பத்து வருஷத்துக்கு முன்னாடி. மிச்சம் கிடந்த பெயின்ட் டப்பாவை வச்சு, மஞ்ச லைட்டுல உட்கார்ந்து எழுதினேன்," என்றார் மாமா, பெருமையோடு. "எல்லாத்தையும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு கறுப்புல எழுதினேன்."

மேலாளர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பட்டையை இறுக்கியபடி சொன்னார்:

"நல்ல கறுப்பு."